நடுக்கக் கழிவு

அறையில் இருந்தவர்கள்: வான்செலவு ஆணையத்தின் தலைமைத் தேர்வாளர் நப்பின்னை, வயது அறுபது. ஏடுநோக்கியை இயக்கும் ரெஜினாள், வயது இருபத்தாறு. படைத்தரப்புப் பிரதிநிதி விங் கமாண்டர் சிவப்பிரகாசம். எதற்காக வந்திருக்கிறோம் என்று அவருக்கே தெளிவில்லை, விதிப்படி ஒருவர் வரவேண்டும், வந்திருந்தார். விண்ணப்பதாரர் இசக்கிமுத்து, வயது நாற்பத்து மூன்று, முன்னாள் போர்விமானி, இந்நாள் குளிர்பதனக் கிடங்கின் காவலாளி.

பதிவேட்டில் இவ்வளவுதான் இருந்தது. ஏடுநோக்கியை யாரும் ஆளாகச் சேர்க்கவில்லை. ஆனால் மணப்பாடு வான்துறையின் அந்த இரண்டாம் மாடி அறையில், பேசினால் எடுபடும் என்ற தகுதி அதற்கு மட்டுமே இருந்தது.

அதன் தொப்பி இசக்கிமுத்துவின் பின்மண்டையை ஈரத்துணி போலக் கவ்வியிருந்தது.

"சார், தலைய ஆட்டாதீங்க. ஏடு ஓடிட்டிருக்கு," என்றாள் ரெஜினாள்.

"இன்னும் எம்புட்டு நேரம்மா?"

"பத்து வருஷம் பறந்திருக்கீங்க. பத்து நிமிஷமாச்சும் பொறுக்க மாட்டீங்களா?"

சிவப்பிரகாசம் நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார். "இசக்கி, கிடங்குல எதுக்குப்பா காவல்? எறாலுக்கா?"

"ஆமா சார். ஓடிப்போயிராமப் பாத்துக்கணும்லா."

ரெஜினாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நப்பின்னை சிரிக்கவில்லை. அவர் இசக்கிமுத்துவின் விண்ணப்பத்தை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு வரி அவருக்குப் பிடிபடவில்லை.

இசக்கிமுத்துவுக்கு வேண்டியது பயணியர் மேலொப்பம். படையில் ஓட்டிய மணிகளைக் குடிமை விமானத்துக்குச் செல்லுபடியாக்கும் ஒப்புதல் அது. ஆயிரம் மணி தேறினால் கிடைக்கும். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் காகிதம் போதும். பறப்பேட்டில் எழுதியிருப்பதைக் கூட்டிப் பார்த்து, போர்விமான மணிக்கு இத்தனை பங்கு, சரக்கு விமான மணிக்கு முழுப்பங்கு என்று ஒரு அட்டவணை வைத்துத் தீர்த்துவிடுவார்கள். விமானிகள் பறக்காத மணிகளை எழுதினார்கள். மேலதிகாரிகள் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு உடலேடு வந்தது.

பறந்த ஒவ்வொரு மணியும் சிறுமூளையில் தடம் விடுகிறது. கை எப்போது அசைந்தது, எவ்வளவு அசைந்தது, அசையும்போது உள்ளே என்ன நடந்தது, எல்லாம் அங்கே இருக்கிறது. மரத்தின் வளையத்தை எண்ணுவது போல அதை எண்ணலாம் என்று கண்டுபிடித்தார்கள். அந்தத் தடத்துக்கு உடலேடு என்று பெயர். படிக்கும் கருவி ஏடுநோக்கி. அதன்பின் எவனாலும் ஒரு மணியைக்கூடக் கூட்டிச் சொல்ல முடியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு பயணி விமானம் கடலில் விழுந்தது. கறுப்புப் பெட்டியில் விமானியின் அலறலைத் தவிர எதுவும் இல்லை. அச்சம்தான் கொன்றது என்று விசாரணை சொன்னது. மறு ஆண்டே புதிய விதி வந்தது: அஞ்சிய மணி, பறந்த மணி ஆகாது. உடலேட்டில் அச்சம் கலந்த மணிகளை ஏடுநோக்கி கழித்துவிடும். அதற்கு நடுக்கக் கழிவு என்று பெயர். விதி வந்த முதல் ஆண்டில் நாட்டின் விமானிகளில் மூன்றில் இரண்டு பேர் தரையிறக்கப்பட்டார்கள். முப்பது ஆண்டு ஓட்டியவர்களுக்கு இருநூறு மணி தேறவில்லை. மிச்சமிருந்தவர்களை வைத்து விமானத்துக்கு ஓர் ஆள் என்று ஓட்டினார்கள். ஓட்டுவது என்னவோ தானோட்டிதான். அது கைவிரிக்கும் சில நிமிடங்களுக்காக மட்டும் முன்னறையில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு விமானிக்கு ஆண்டில் ஒருமுறை அந்த நிமிடங்கள் வரலாம். வராமலும் போகலாம்.

"மிஸ்டர் இசக்கிமுத்து," என்றார் நப்பின்னை. "போர்க்கால மணிகளைக் கணக்குல சேர்க்க வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. எழுத்துப் பிழையா?"

"இல்லம்மா. தெரிஞ்சுதான் எழுதினேன்."

"எல்லாரும் சேர்க்கச் சொல்லித்தான் கெஞ்சுவாங்க."

"பயிற்சியில நானூத்தி அறுவது. போருக்கு முன்னால மலைக்குச் சரக்கு ஏத்துனது ஐநூத்தித் தொண்ணூறு. கூட்டுனா ஆயிரத்தி அம்பது வருது. அது போதும். அதை வச்சுக் குடுங்க. இல்லன்னா விட்ருங்க."

அவன் இந்தக் கணக்கைக் கிடங்கில் எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருந்தான். அந்த ஆயிரத்து ஐம்பது மணியில் அவன் உயிரோடு இருந்தான். முதல் தனிப்பறப்பில் தொடை இரண்டும் உதறியது. மலை வழியில் மேகத்துக்குள் போனால் வாயில் இரும்புச் சுவை வரும். இறங்கியதும் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சிரிப்பான். அந்த ஆளாக மறுபடி ஒரு விமானத்தில் ஏற முடிந்தால் போதும் என்றுதான் விண்ணப்பம் போட்டான். போர் தனக்குள் விட்டுப்போன மற்ற ஆளோடு பதினாலு ஆண்டு குடும்பம் நடத்தியாகிவிட்டது. மனைவி இரண்டாம் ஆண்டிலேயே, 'உங்க கூட இருக்கிறதும் சுவரு கூட இருக்கிறதும் ஒண்ணுதான்' என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் அதைச் சரி என்று ஒப்புக்கொண்டு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான்.

கருவி ஒரு சின்ன மணியை அடித்தது. ரெஜினாள் தொப்பியைக் கழற்றினாள். திரையைப் பார்த்தவள், நப்பின்னையைத் திரும்பிப் பார்த்தாள்.

"படிங்க," என்றார் நப்பின்னை.

"பயிற்சி நானூத்தி அறுபது. நடுக்கக் கழிவு போக முப்பத்தொண்ணு. சரக்கு ஐநூத்தித் தொண்ணூறு. கழிவு போக இருநூத்திப் பன்னெண்டு." அவள் நிறுத்தினாள். "போர் ஆயிரத்து முந்நூத்தி எண்பது மேடம். கழிவு ஆறு. ஆயிரத்து முந்நூத்தி எழுபத்து நாலு தேறுது."

"மொத்தம்?"

"ஆயிரத்து அறுநூத்திப் பதினேழு."

நப்பின்னை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஏதோ தெரிந்தது. மரியாதை. "ஆயிரத்து முந்நூத்தி எண்பது மணி, அதுவும் போர்ல. வெறும் ஆறு மணிதான் பயந்திருக்கீங்க. நான் இந்த மாதிரி ஏடு பார்த்ததில்ல."

"போரைச் சேக்காதீங்கன்னேன்லா."

"அதை நீங்க சொல்ல முடியாது. உடம்புல இருக்கிறது எல்லாம் ஏடு. இதைப் படி, அதை விடுன்னா பழைய பறப்பேட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" அவர் சிவப்பிரகாசத்தைப் பார்த்தார். "உங்க ஆளுங்க எல்லாரும் இப்படியா?"

"இசக்கி இருந்த அணி மட்டும்தான் மேடம்," என்றார் சிவப்பிரகாசம். அவர் குரலில் சிரிப்பு வடிந்திருந்தது. "அங்க ஒரு பழக்கம் இருந்துச்சு."

"என்ன பழக்கம்?"

இசக்கிமுத்து சொன்னான்.

"சாப்பாட்டுப் பலகைம்மா. தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துல ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆள் பேரு எழுதியிருக்கும். கெளம்பிப் போறவன்ல பாதிப்பேரு வரமாட்டான். போட்ட சோறு அப்படியே கெடக்கும். சமையக்காரரு ஒருத்தர், கோபாலன்னு பேரு, அந்தத் தட்ட எடுத்துக் கொட்டும்போதெல்லாம் அழுவாரு. ஒருநாள் சொன்னாரு, போறவங்க போறதுக்கு முன்னால அவங்கவங்க பேர அவங்கவங்களே அடிச்சிட்டுப் போங்கய்யா, வந்தா நான் இருக்கிறதப் போடுதேன்னு. அப்படி ஆரம்பிச்சது."

"உணவு வீணாகாம இருக்க."

"ஆமா. ஆனா ஒண்ணு நடந்துச்சு. சாக்பீஸால நம்ம பேர நாமளே அடிச்சிட்டு நடந்தா, விமானம் வரைக்கும் போறதுக்குள்ள கை நடுக்கம் நின்னுரும். ஏன்னா ஆள் போயாச்சு. அப்புறம் பயப்பட யாரு இருக்கா? திரும்பி வந்தாக்கூட விருந்தாளி மாதிரி ஒரு ஓரமா உக்காந்து சாப்பிடுவோம். மறுநாள் பேரு எழுதுவாங்க. மறுபடி அடிப்போம். மேல இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சுது. குறி தப்பலன்னு அவங்களுக்குச் சந்தோஷம். பேரு அடிக்காம யாரும் ஏறக்கூடாதுன்னு உத்தரவே போட்டாங்க."

சிவப்பிரகாசம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

"எனக்குப் புரியல," என்றார் நப்பின்னை. "பயத்தை ஜெயிக்க ஒரு வழி. நல்ல வழிதானே? இதை எதுக்கு மறைக்கணும்?"

"ஜெயிக்கலம்மா. அது வேற." அவன் ரெஜினாள் பக்கம் திரும்பினான். "ஏம்மா, போரோட ரெண்டாம் வருசம், ஆவணி மாசம். ரெண்டு மணிப் பறப்பு ஒண்ணு இருக்கும். கடைசி ஆறு நிமிசத்தக் காட்டு."

அவள் தேடி எடுத்தாள். திரையில் ஒரு கோடு வந்தது. காற்றில்லாத குளம் போல அது அசையாமல் கிடந்தது.

"முழு மதிப்பு மேடம்," என்றாள் ரெஜினாள் மெல்ல. "நூத்துக்கு நூறு."

"அந்த ஆறு நிமிசம் இடது எஞ்சின் எரிஞ்சிட்டிருந்துச்சு," என்றான் இசக்கிமுத்து. "தீ உள்ளுக்குள்ள வந்திருச்சு. தீயணைப்புத் தண்டு எனக்கும் பக்கத்துல இருந்தவனுக்கும் நடுவுல. நான் இழுக்கணும். நான் இழுக்கல. பாத்துக்கிட்டே இருந்தேன். கார்த்திகை விளக்கப் பாக்குற மாதிரி. பக்கத்துல ஜெபசிங். அவன் கத்துறான், 'எண்ணே இழு, எண்ணே இழுண்ணே, சாவப் போறோம்'னு. எனக்கு அது கேக்குது. சரியாத்தான் சொல்லுதான்னு தோணுது. கை எந்திரிக்கல. அவன் எரியுற பலகைக்குள்ள கையவிட்டு இழுத்தான். அவன்தான் எறக்குனான். தோலு தண்டோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு."

"அவர் பேரை அடிக்கலையா?" என்று கேட்டாள் ரெஜினாள். கேட்க அவளுக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்டாள்.

"எங்க அடிச்சான். உத்தரவு வந்தப்புறமும், எல்லாருக்கும் முன்னால அடிச்சிட்டு, கள்ளத்தனமா வந்து மறுபடி எழுதிட்டு ஓடுவான். 'எண்ணே, நான் வந்து திம்பேன். எனக்கு ரெண்டு முட்டை சேத்து வைக்கச் சொல்லியிருக்கேன்'பான். ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுத்திட்டுத்தான் ஏறுவான். பயந்தாங்கொள்ளின்னு எல்லாரும் கேலி பண்ணுவோம்."

ரெஜினாளின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. "கையில தழும்பு... ரெண்டு கையிலயும். போன மார்ச்சில வந்தார் மேடம். ஜெபசிங் தேவதாஸ். நீங்கதான் பார்த்தீங்க."

நப்பின்னைக்கு நினைவு வர நேரமாயிற்று. அவர் ஆண்டுக்கு நானூறு பேரைப் பார்ப்பவர். "ஆமா. ஏடு முழுக்கப் பயம், ஒரே சிவப்பு. எத்தனை தேறிச்சு?"

"ஒன்பது மணி. அந்தப் பறப்புக்கு..." அவள் இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று குளம். மற்றது கிறுக்கல். "அந்தப் பறப்புக்குச் சுழியம் மேடம்."

"ஒரே விமானம்," என்றான் இசக்கிமுத்து. "சும்மா உக்காந்திருந்தவனுக்கு நூறு. காப்பாத்துனவனுக்குச் சுழியம். இப்ப நாகர்கோவில்ல பஞ்சர் ஒட்டுதான். அந்தக் கைய வச்சுக்கிட்டு அதுவும் சரியா வரல. அவனக் கூப்பிட்டு ஏத்துங்க. அவன் சோறு திங்கத் திரும்பி வருவான். கூட இருக்கவங்களையும் கொண்டாந்து சேப்பான்."

நப்பின்னை கொடுமைக்காரர் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு கோடுகளையும் நெடுநேரம் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்தது என்றுதான் இசக்கிமுத்துவுக்குப் பட்டது. ஆனால் புரிவதற்கு என்று படிவத்தில் கட்டம் கிடையாது.

"நீங்க சொல்றது வாய்ச்சொல்," என்றார். "விமானிகள் வாயால சொன்னதை நம்பித்தான் ஒருகாலத்துல ஜனங்க செத்தாங்க. அதனாலதான் இந்தக் கருவி. உங்க உடம்பு ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் உடம்பை நம்பணும். அதுதான் என் வேலை." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "பழைய குற்ற உணர்ச்சியெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க உறைஞ்சு போயிருந்தா ஏட்டுல சிவப்பு இருந்திருக்கும். இல்லையே. உங்களுக்கு நல்ல கை," என்றார்.

"உறைஞ்சு போகல. அதான் சொல்லுதேன்."

"விங் கமாண்டர், படைத்தரப்புல மறுப்பு உண்டா?"

எல்லோரும் சிவப்பிரகாசத்தைப் பார்த்தார்கள். மறுப்பு என்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அந்த உத்தரவை எழுத வேண்டும்.

"இல்ல மேடம்," என்றார் அவர்.

மேலொப்பம் இசக்கிமுத்துவின் மணிக்கட்டில் ஒரு சின்னச் சூடாகப் பதிந்தது. மணி மூன்று.

அவன் படியிறங்குவதற்குள் விமான நிறுவனத்தின் ஆள் கீழே காத்திருந்தார். நாலு மணிக்குத் தள்ளிப்போட்ட சென்னை விமானத்துக்கு விமானி இல்லை, எழுபத்திரண்டு பேர் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள், இன்றைக்கே ஏற முடியுமா என்று கேட்டார். விமானத்தைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் தானோட்டிக்குத் தெரியும் என்றும், ஆள் உட்கார்ந்தால் போதும் என்றும் சொன்னார்.

இசக்கிமுத்து முடியாது என்று சொல்லியிருக்கலாம். மாட்டேன் என்றால் யாரும் அவனைக் கட்டி இழுத்துப் போக மாட்டார்கள். அவன் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தான். மறுப்பதற்கும் கொஞ்சம் பயம் வேண்டும். இதில் ஏறினால் என்ன ஆகுமோ என்று ஒரு மனிதனுக்கு வயிறு கலங்க வேண்டும், அப்போதுதான் கால் பின்னால் போகும். அவன் கால்கள் தரையில் சும்மா இருந்தன. இத்தனை நாள் பறக்க வேண்டும் என்று நினைத்ததும், இப்போது பறக்கக் கூடாது என்று நினைப்பதும், இரண்டும் வேறு யாரோ பக்கத்து அறையில் பேசிக்கொள்வது போல இருந்தது.

"சரி," என்றான்.

விமானத்தின் படிக்கட்டில் நப்பின்னை அவனுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். "நீங்களா ஓட்டறீங்க? நல்லதாப் போச்சு. இன்னிக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கப்போறேன்."

"விங் கமாண்டர் சார் வரலையாம்மா?"

"அவருக்கு இங்க ஏதோ வேலையாம். ரயில்ல வர்றாராம்."

இசக்கிமுத்து தலையாட்டினான். முன்னறைக்குப் போகும் வழியில் இருக்கைகளைப் பார்த்தான். கபடி விளையாடப் போகும் பள்ளிப் பெண்கள் ஒரு கூட்டம், ஒரே நிறச் சட்டையில், ஏதோ தின்பண்டத்தை ஒருத்தியிடமிருந்து ஒருத்தி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் இருக்கைக் கச்சையைத் தன் வயிற்றில் கட்டத் தெரியாமல் பக்கத்து ஆளின் கச்சையோடு மாட்டிவிட்டு வசவு வாங்கிக்கொண்டிருந்தார். கைக்குழந்தை ஒன்று அவனை உற்றுப் பார்த்து, பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முன்னறையில் ஒற்றை இருக்கை. அதன் இடப்பக்கம் ஒரு பிடி. அதற்கு அமைதிப்பூட்டு என்று பெயர். விமானி உட்கார்ந்து அதைப் பிடிக்க வேண்டும். கையில் நடுக்கம் இருந்தால் விளக்கு சிவப்பாகும், பின்னால் கதவு பூட்டாது, கதவு பூட்டாவிட்டால் விமானம் நகராது. அச்சமுள்ள எவனும் பயணிகளை ஏற்றிக்கொண்டு மேலே போய்விடக் கூடாது என்பதற்காக ஆணையம் செய்த கடைசி ஏற்பாடு அது.

பணிப்பெண் கதவருகே வந்து நின்றாள். "சார், ரெடியா?"

"ஒரு நிமிசம்மா."

அவன் பிடியைப் பிடித்தான். இது ஒன்றுதான் வழி. கை நடுங்கினால் போதும். யாரிடமும் எதையும் விளக்க வேண்டாம், கருவியே சொல்லிவிடும், எல்லோரும் இறங்கி வீட்டுக்குப் போவார்கள்.

பயப்பட முயன்றான். அதை மனதாரச் செய்தான். தீயை நினைத்தான். ஜெபசிங்கின் தோல் உரிந்த விரல்களை, அந்த வாடையை நினைத்தான். தானோட்டி நடுவானில் கைவிரிப்பதை நினைத்தான். இருக்கைகள் சாய்வதை, அந்தப் பெண்களின் சட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று சரிவதை, யாரோ கதவைத் தட்டிக் கத்துவதை, தான் அதைக் கேட்டுக்கொண்டு, சரியாகத்தான் கத்துகிறார்கள் என்று நினைத்தபடி உட்கார்ந்திருப்பதை நினைத்தான். குழந்தையின் முகத்தை நினைத்தான். அதை இன்னும் அருகில் கொண்டுவந்தான்.

மனம் எல்லாவற்றையும் ஒழுங்காகக் காட்டியது. எதுவும் அவனைத் தொடவில்லை. பற்களைக் கடித்து, தோளை இறுக்கி, கையை வேண்டுமென்றே உதறிப் பார்த்தான். பிடி அதற்கெல்லாம் ஏமாறவில்லை. அது கையைக் கேட்கவில்லை, உள்ளே கேட்டது.

விளக்கு பச்சையானது.

"சூப்பர் சார்," என்றாள் பணிப்பெண். "நிறையப் பேருக்கு மூணு நாலு தடவை ஆகும்."

"கொஞ்சம் இரும்மா. இன்னொரு தடவை பாக்குறேன்."

"எதுக்கு சார்? பச்சை வந்தாச்சே."

அவள் வெளியிலிருந்து கதவைத் தள்ளினாள். அது அவன் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்து மூடியது. தாழ்கள் மேலிருந்தும் கீழிருந்தும் ஒவ்வொன்றாக விழுந்து பூட்டிக்கொண்டன.